வரிசையின் கடைசிக்கு மூன்று முறை

தேர்தல் நெருங்கினால், இளம் டிவி நிருபர்களான உங்களில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்வீர்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், நேரலையில பதறாம நிக்கிறது எப்படி?" நானும் ஏதோ சொல்லுவேன். தண்ணீர் குடி, காதில் சென்னை என்ன கத்தினாலும் உன் வேகத்தில் பேசு, அப்படி இப்படி என்று. இந்த முறை அதைச் சொல்லப் போவதில்லை. நான் கொஞ்சமும் பதறாமல் நின்ற ஒரு காலையைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெறும் வரைக்கும் நம் தொழிலில் யாரிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் ஓரிருவர். அவர்களும் என்னிடம் பேசுவதில்லை.

போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின தேர்தல் அது. பிரச்சாரம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, "மக்கள் மனநிலை" எடுத்து அனுப்பச் சொல்லி டெஸ்கிலிருந்து தகவல் வந்தது. டெஸ்க் என்றால் உங்களுக்குத் தெரியும், சென்னையில் உட்கார்ந்து நம்மை இயக்குகிற செய்திப் பிரிவு. நானும் காமிராமேன் காஜாவும் குற்றாலத்துக்குப் போனோம். ஏப்ரல் மாதம். மெயினருவியில் பாறை மட்டும்தான் இருந்தது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கேட்டவர்கள் எல்லாரும் கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். காஜா அச்சன்புதூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர், அதிகம் பேசமாட்டார். "சார், அங்கன டீக்கடையில ஒருத்தர் பேசுதாரு பாருங்க. குரலைக் கேளுங்க" என்றார்.

அப்படித்தான் சுப்பையா அண்ணாச்சி எங்களுக்குக் கிடைத்தார். வயது எழுபத்தாறு. குத்துக்கல்வலசையில் மகளோடு இருந்தார். நாற்பது வருடம் மைக்செட் வைத்திருந்தவர். ஜீப்பிலும் ஆட்டோவிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, தென்காசிச் சுற்று வட்டாரத்தில் எல்லாக் கட்சிக்கும் அறிவிப்புச் செய்தவர் அவர்தான். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. காமிராவைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!"

மைக் இல்லாமலேயே அந்தக் குரல் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் ஓட்டு கேட்டிருக்கீங்க. நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அது எம் பொஞ்சாதிக்கே தெரியாது தம்பி. அவளும் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிச் சேந்துட்டா." கொஞ்சம் நிறுத்தி, என் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். "தொண்டையத்தான் வாடகைக்கு விட்டேன். ஓட்ட விடல. ஒரு எலெக்சன்கூட நான் போடாம இருந்ததில்ல."

அன்று இரவுச் செய்தியில் அது போனது. மறுநாள் யாரைப் பார்த்தாலும் அந்த வரியைச் சொன்னார்கள். ஊர் ஊராக வாட்ஸப்பில் ஓடியது. சென்னையிலிருந்து போன். "வாக்குப்பதிவு அன்னைக்கு அவரு நேரலையில வேணும். வரிசையில நின்னுக்கிட்டே அந்த அறிவிப்பைச் சொல்லணும். பின்னாடி நீளமா வரிசை தெரியணும்." என் முப்பது வருட வேலையில் டெஸ்க் தானாகக் கூப்பிட்டுப் பாராட்டிய நாள்கள் கொஞ்சம். மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

வாக்குப்பதிவு அன்று ஏழரைக்கு அவர் வந்துவிட்டார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கூட மகள் உலகம்மாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள், நாற்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. ஆண்கள் வரிசை கேட்டைத் தாண்டி வெளிச்சுவரை ஒட்டி ரோட்டில் நீண்டிருந்தது. கிழக்குப் பார்த்த சுவர், பந்தல் கிடையாது. கேட்டில் நின்ற பெண் காவலர் அவரைக் கண்டதுமே, "தாத்தா, வயசானவங்க வரிசையில நிக்க வேண்டாம். நேரா உள்ள போங்க" என்றார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஒரு அஞ்சு நிமிசம்மா. எட்டு மணிக்கு இவரு லைவ்ல பேசணும். பேசிட்டு வந்துருவாரு."

உலகம்மாள் தயங்கினாள். "சார், அப்பாவுக்குச் சுகர் இருக்கு. ஓட்டுப் போடாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு, சின்னதுல இருந்தே இது ஒரு பிடிவாதம். சீக்கிரம் விட்டுருவீங்கல்லா?"

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. நாங்களே கார்ல கொண்டாந்து விட்டுருதோம்."

அவள் பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, இட்லி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள்.

எட்டு மணிக்குச் சென்னையில் ஒரு நடிகர் ஓட்டுப் போட வந்துவிட்டார். அவர் காரிலிருந்து இறங்குவது, கூட்டம், தள்ளுமுள்ளு, விரலைக் காட்டுவது. திரை முழுக்க அவர்தான். என் காதில், "தென்காசி, ஹோல்டு. அடுத்து நீங்கதான்" என்றார்கள். அதற்குள் வரிசை நகர்ந்து, சுப்பையா அண்ணாச்சி கேட்டுக்கு அருகே போய்விட்டார். உள்ளே போய்விட்டால் காட்சி போய்விடும். "அண்ணாச்சி, பின்னால வந்து நில்லுங்க. இந்தா வந்துரும்" என்றேன். சிரித்தபடி வரிசையின் கடைசிக்கு நடந்தார்.

எட்டே முக்காலுக்கு ஒரு கட்சித் தலைவர் குடும்பத்தோடு வந்தார். மறுபடி ஹோல்டு. மறுபடி அண்ணாச்சி கேட்டை நெருங்கினார். மறுபடி நான் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். "ஏன்யா, அவரப் போட்டு இப்படி நடக்க வைக்கீங்க? அந்த வேப்பமரத்துக்கிட்ட உக்கார வச்சா என்ன?" காதில் கருவி மாட்டியிருந்ததால் கேட்காதது மாதிரி இருந்துகொண்டேன். கேட்டது.

காஜா காருக்குப் போய் ஒரு குடையை எடுத்து வந்தார். அதை அண்ணாச்சியின் தலைக்கு மேல் பிடித்தார்.

"குடை வேண்டாம் காஜா. முகம் இருட்டும்."

"சார், வெயிலு. உள்ள விட்டுருவோம் சார். வெளிய வந்து மை வச்ச விரலோட பேசட்டும். அதுவும் நல்லாத்தான இருக்கும்?"

நல்லாத்தான் இருந்திருக்கும். இப்போது யோசித்தால் அதுதான் இன்னும் நல்ல காட்சி. ஆனால் டெஸ்க் வரிசை கேட்டிருந்தது. நான் காஜாவிடம் வாட்சைக் காட்டினேன். அவர் குடையை மடக்கிவிட்டார். அண்ணாச்சியே என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "மைக் டெஸ்ட் முடியாம பேசக் கூடாதுல்லா? நிக்கேன், நிக்கேன்" என்றார். உதடு காய்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன். காமிராவில் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதே கால் வாக்கில் மூன்றாவது முறை. அப்போது அவர் சிரிக்கவில்லை. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே பின்னால் போனார்.

ஒன்பதே முக்காலுக்கு எங்கள் முறை வந்தது. நாற்பது விநாடி. காஜா தலையாட்டியதும் அந்த மனிதர் நிமிர்ந்தார் பாருங்கள், அப்படியே இருபது வயது குறைந்துவிட்டது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் பொன்னான வாக்குகளை, வரிசையில் நின்று, பொறுமை காத்து, தவறாமல் அளிப்பீர், அளிப்பீர், அளிப்பீர்!" வரிசை முழுக்கக் கைதட்டியது. சென்னையில் செய்தி வாசித்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார். நான் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. உங்களுக்குச் சொன்னேனே, பதறாமல் நின்ற காலை, அது இதுதான்.

முடிந்ததும் போனில் பாராட்டுகள் வந்து விழுந்தன. நான் அண்ணாச்சியைப் பார்த்து, உள்ளே போங்கள் என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினேன். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பெண் காவலர் உடனே உள்ளே விட்டிருப்பார். முப்பது அடி தூரம். அவர் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார். "நீங்க முன்னால போங்க அண்ணாச்சின்னு சொன்னோம் சார். 'வரிசையில நில்லுங்கன்னு இப்பத்தான ஊருக்கே சொன்னேன். நானே குறுக்க போனா நல்லாவா இருக்கும்?'னு கேட்டாரு."

பத்து மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இருக்கும். நான் ரோட்டின் மறுபக்கம் நின்று வேறு ஆட்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டது. சுவரோரம் சரிந்து கிடந்தார். அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் பாக்கி.

காஜாவின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் தலை என் மடியில் இருந்தது. வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்தார்.

"தம்பி, மணி என்ன?"

"பத்தரை அண்ணாச்சி."

"ஆறு வரைக்கும் உண்டுல்லா?"

"உண்டு அண்ணாச்சி."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்பே டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

தகவல் கிடைத்து, உலகம்மாள் இட்லித் தூக்குவாளியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் அழுவாள், என்னை அடிப்பாள் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவள் உள்ளே போய் அப்பாவின் இடது கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டது இவ்வளவுதான். "அப்பா ஓட்டுப் போடலியா சார்?"

நான், "கூட்டம்மா" என்றேன்.

ஒரே வார்த்தை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பொய் அது. அன்று மதியம் அதையே நீட்டி எழுதினேன். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தபோது டெஸ்கிலிருந்து கேட்டார்கள். "நம்ம மைக்செட் தாத்தாவா? அப்போ அவர் கடைசியாப் பேசினது நம்மகிட்டதானா? எப்படி ஆச்சு?" எப்படி ஆச்சு என்பதற்கு நான் என்ன எழுதினேன் என்று கேளுங்கள். வாக்குச்சாவடியில் பந்தல் இல்லை. அது உண்மை. குடிதண்ணீர்க் கேன் ஒன்பது மணிக்கே காலி. அதுவும் உண்மை. சர்க்கரை நோய் உள்ள முதியவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெயிலில் நின்றார். முழு உண்மை. நிற்க வைத்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் பொய் என்று சுட்டிக்காட்ட முடியாது. நம் தொழிலில் பொய் சொல்ல வேண்டுமென்றால் பொய் எழுத வேண்டியதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"வாக்காளர்கள் கொதிப்பு" என்று டெஸ்கில் தலைப்பு வைத்துவிட்டு, அவர்கள் கருத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பிப் போனோம். நான்கு பேர் பேசினார்கள். மூன்று பேர் அதிகாரிகளைத் திட்டினார்கள். நான்காவதாகப் பேசியவர் கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒரு அம்மா, காலையில் பெண்கள் வரிசையில் நின்றவர். மைக்கைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "ஆபீசர் என்ன செஞ்சாரு? போலீஸ்காரப் புள்ள உள்ள போவத்தான் சொல்லிச்சு. நீருதான அவர முன்னாலயும் பின்னாலயும் நடக்க வச்சீரு?"

மூன்று பேர் பேசியதை மட்டும் அனுப்பினேன். காஜா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"அந்த அம்மா பேசினது போவலையா சார்?"

"நேரம் பத்தாது காஜா."

அவர் காமிராவைப் பையில் வைத்தார்.

எங்கள் செய்தியைப் பார்த்து மற்றச் சானல்களும் எடுத்தன. முதியவரை முன்னால் அனுப்பத் தவறிவிட்டார் என்று அந்தப் பெண் காவலருக்கு மெமோ கொடுத்து, விசாரணை வைத்தார்கள். வாசலில் நின்ற ஆள் அவர்தானே. இது எனக்கு மறுநாளே தெரியும். நான் என்ன செய்தேன்? பொறுத்துப் பார்ப்போம், தானாக அடங்கிவிடும் என்று இருந்தேன். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மேஜையில் லேப்டாப் இருந்தது. காஜா, அன்று காலை எடுத்ததில் ஒன்றையும் வெட்டாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்திருந்தார். காமிரா ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. "அண்ணாச்சி, பின்னால வந்து நில்லுங்க." மூன்று முறை. தெளிவான குரல். "குடை வேண்டாம் காஜா. முகம் இருட்டும்."

"இது உங்க குரலா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் காவலர் நின்றிருந்தார். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே கேட்டார். "நான் உள்ள போவச் சொன்னேம்லா சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" கோபம்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அது திட்டமிட்டுச் செய்ததல்ல என்று எழுதி முடித்துவிட்டார்கள். சென்னையில் இருந்த மேலதிகாரி, "விடுங்க, நமக்கு எதிரா எவன் போடுவான்" என்றார். அந்த ஆண்டு நேரலைக்காக எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். காஜா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு, அவர் அண்ணன் இருக்கும் துபாய்க்குப் போய்விட்டார். அங்கே ஒரு கடையில் கணக்கு பார்க்கிறாராம். இந்தப் பக்கத்தில் அவ்வளவு நல்ல காமிராக் கண் வேறு யாருக்கும் கிடையாது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வாக்குப்பதிவு முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான் எண்ணிக்கை. அன்று காலை டெஸ்கிலிருந்து, "அந்த மைக்செட் தாத்தாவோட மகள்கிட்ட முடிவு பத்தி ஒரு கருத்து வாங்குங்க. உருக்கமா இருக்கும்" என்றார்கள். நான் போனேன். மைக்கைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

உலகம்மாள் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, நீலப் பாவாடைகள் தரையில் குவிந்திருந்தன. டிவி ஓடவில்லை. உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னும் நடக்க வைத்தது, குடை, நான் சொன்ன பொய், நான் அனுப்பாமல் விட்ட அந்த அம்மாவின் பேச்சு. அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு பாவாடை முடிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும் சார். வரிசையில நின்னவங்கெல்லாம் நம்ம தெருக்காரங்கதான. அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டாங்க."

"ஒன்னும் கேக்கலையேம்மா நீங்க?"

"சொல்லுவீங்களான்னு பாத்தேன். பதினாறு கழிஞ்சு, முப்பதும் கழிஞ்சுட்டு." அடுத்த துணியை எடுத்து மடித்தாள். "நீங்க வேணும்னு செய்யலன்னும் தெரியும். அப்பாவுக்கும் ஆச இருந்துது. மைக்கக் கண்டா விடமாட்டாரு. ஆனா சார், அவரு ஓட்டு யாருக்குன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். அத அவரு போடாமலே போயிட்டாரு. அதுதான் எனக்குத் தாங்க முடியல."

கிளம்பும்போது, "உங்களுக்கு நான் ஏதாவது செய்யணும்மா" என்றேன். அவள் மடித்த துணியை மெஷின்மேல் வைத்தாள்.

"அந்த நாப்பது செகண்ட இனிமே போடாதீங்க. அவரு சிரிச்சுக்கிட்டுப் பேசுதாரு. பாக்கவங்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரியும்லா."

சரி என்றேன். மறுநாளே எழுத்தில் கேட்டேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு முறை எழுதினேன். நான் வேலையில் இருந்த கடைசி நாளிலும் எழுதினேன். போன நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளில், காலை ஏழேகாலுக்கு உலகம்மாள் போன் செய்தாள். ஐந்து வருடத்தில் அவள் எனக்குச் செய்த ஒரே போன் அது.

"சார், போட்டுட்டாங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

சென்னைக்குக் கூப்பிட்டேன். உங்கள் வயதுப் பையன் ஒருவன் எடுத்தான். "சார், செம கிளிப் சார் அது! நீங்கதான் எடுத்ததா? ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் இதான் சார் நம்ம ஓப்பனிங்" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனிடம் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் யாரோ கூப்பிட்டு அவன் போய்விட்டான்.

அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அடுத்த தேர்தல் வரும். பழைய பதிவுகளைத் தேடச் சொல்வார்கள். தென்காசி என்று தட்டினால் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும். சலவைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், பின்னால் நீளமான வரிசை, நல்ல வெளிச்சம், முகத்தில் ஒரு நிழல் இல்லை. பார்த்தால் உங்களுக்கும் பிடிக்கும். என்னால் நிறுத்த முடியவில்லை. உங்களில் யார் கையில் கிடைத்தாலும் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லி, நான் செய்ததையும் சொல்லுங்கள்.